பூசணம் தின்ற படுதா

அடைமழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மதுரை மாட்டுத்தாவணியில் லாரிகள் நிற்கும் ஓரமாக ஒரு பழைய படுதாவை விரித்துப் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். பூச்சந்தைப் பக்கமிருந்து மல்லிகை வாசம் வந்தது. படுதாவிலிருந்து வந்தது வேறு வாசம்: மழையில் நனைந்த சாக்கும் பூட்டிக் கிடந்த பரணும் சேர்ந்த மக்கல் வாடை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் பச்சை, நடுவே சாம்பல் பூத்தாற்போல வெள்ளை, ஓரம் நெடுகக் கடுகு இறைத்த மாதிரி கரும்புள்ளிகள். படுதா தைக்கிற பெரியவர் குத்துக்காலிட்டு அமர்ந்து, ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்துச் சுண்டினார். பட்டென்று அறுந்தது.

"பிளீச்சிங் பவுடர் போட்டா வெளுத்துருமாண்ணே?" என்று கேட்டேன்.

"கறையை எடுத்துரலாம் தம்பி. தின்னதை எங்க போய் வாங்குறது?"

அவர் சொன்னதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை எந்த வேதியியல் புத்தகமும் சொல்லிவிடாது. படுதாவில் பிடிப்பதை நாம் அழுக்கு என்று நினைக்கிறோம். அழுக்கு துணியின் மேல் உட்காரும், பூசணம் துணியைச் சாப்பிடும். இந்த வித்தியாசம் பிடிபட்டால் எதைத் தேய்க்கலாம், எதைத் தேய்த்துப் பயனில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

தாவணி என்றதும் இன்றைக்குப் பாவாடையோடு சேர்த்துக் கட்டுவதுதான் நினைவுக்கு வரும். இந்த ஊர்ப்பெயரில் இருப்பது துணி இல்லை. மாடுகளை வரிசையாகக் கட்டும் நீளக் கயிறு அது. மாட்டுச் சந்தைக்கே பின்னர் அந்தப் பெயர் ஆனது. 1999-இல் பேருந்து நிலையம் வந்த பிறகு மாடுகளை நினைத்துப் பார்ப்பவர் குறைவு. பூவும் காய்கறியும் பழமும் லாரிகளும் வந்து சேர்ந்தன. லாரி வந்தால் படுதா வரும், படுதா வந்தால் மழைக்காலத்தில் பூசணம் வரும்.

தமிழில் இந்தத் துணிக்குப் பெயர்கள் பல. முறுக்கேறிய பருத்தி நூலில் நெருக்கமாக நெய்தது கித்தான். லாரி மேல் போர்த்தினால் படுதா. தார்ப்பாய் என்பது ஆங்கிலச் சொல் ஒன்று தமிழாகிப்போனதுதான் என்றாலும், பொருத்தமாகவே ஆகியிருக்கிறது. கப்பல்காரர்கள் ஒரு காலத்தில் கித்தானுக்கு உண்மையிலேயே தார் பூசினார்கள். நம் மொழியில் பாய் என்றால் கப்பல் பாயும்தான். மரத்தாரில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்கள் பூஞ்சைக்கு விஷம். தண்ணீர் புகாமல் இருக்கப் பூசிய தார், பூசணம் பிடிக்காமலும் காத்தது.

படுதாவில் குடியேறுபவர்கள் ஒரே வீட்டார் அல்ல. பச்சையாக, தொட்டால் வழுக்கலாக இருப்பது பாசி. நம் பேச்சில் குளத்துப் பாசி, சுவர்ப் பாசி, கிணற்றடிப் பாசி எல்லாமே பாசிதான். தாவரவியலில் அவை வேறு வேறு உயிர்கள். படுதாவின் பச்சை பெரும்பாலும் நுண்பாசிகளும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்களும். குட்டி இலைகளோடு மெத்தைபோல வளரும் உண்மையான மாஸ் எனும் பாசிச்செடிக்கு வேரூன்ற இல்லாவிட்டாலும், பற்றிக்கொள்ளவாவது கொஞ்சம் மண்தூசியும் பல வார நிழலும் ஈரமும் வேண்டும். மதுரை வெயிலில் அதற்கு அவ்வளவு பொறுமை வாய்ப்பதில்லை. கொடைக்கானலில் கட்டிவைத்த கூடாரத்தில் அதைப் பார்க்கலாம். இங்கே வருஷக்கணக்கில் அவிழ்க்காத பந்தல் படுதாவின் மடிப்பில் எப்போதாவது தென்படும்.

பாசி துணியைத் தின்பதில்லை. அதற்குச் சோறு வெயிலும் காற்றும். ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தை நம்பி வருகிறவர்தான் ஆபத்தானவர்: பூசணம் எனும் பூஞ்சை.

பூஞ்சைக்குப் பச்சையம் கிடையாது. சமைக்கத் தெரியாது, சமைத்ததைத்தான் சாப்பிடும். பருத்தி நூலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகளை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. அரிசி மாவும் அதே குளுக்கோஸ் மணிகளால் ஆனதுதான். கோத்த கோணம் மட்டும் வேறு. அந்தக் கோண வித்தியாசத்தால் சோறு நமக்குச் செரிக்கிறது, வேட்டி செரிப்பதில்லை. பூஞ்சைக்கு இரண்டும் செரிக்கும். கஞ்சி போட்ட துணியில் பூசணம் முதலில் பிடிப்பது இதனால்தான். நெசவின்போது பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சி முதல் பந்தி, நூல் இரண்டாம் பந்தி.

பூஞ்சைக்கு வாய் இல்லாததால் சாப்பாட்டை வெளியிலேயே செரித்து உறிஞ்சிக்கொள்கிறது. செல்லுலேஸ் என்ற நொதிகளைக் கசியவிடும். ஒரு வகை நொதி சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று வெட்டிய முனையிலிருந்து இரண்டிரண்டு மணிகளாகக் கழற்றும். மூன்றாவது அந்த ஜோடியைப் பிரித்துச் சர்க்கரையாக்கும். இதில் முதலாவதுதான் படுதாவுக்கு எமன். நீளச் சங்கிலியை அங்கங்கே நாலு இடத்தில் வெட்டினால் துணியின் எடை குறையாது, பார்வைக்கும் மாறாது, நூலின் வலு மட்டும் போய்விடும். பெரியவர் விரலில் நூல் பட்டென்று அறுந்ததன் ரகசியம் இது.

கரும்புள்ளிகளின் கதை தனி. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர், கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா போன்றவை தங்கள் செல்சுவரிலோ வித்துகளிலோ கருநிறமி வைத்திருக்கின்றன. இவற்றில் பலவற்றில் அது நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்க அது குடை. பூஞ்சை செத்த பிறகும் அந்த நிறமி நூலுக்குள் தங்கிவிடும். ஆகவே கரும்புள்ளி இருப்பதால் பூசணம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கரும்புள்ளி வெளுத்ததால் பூசணம் செத்தது என்றும் அர்த்தமில்லை.

இந்தச் சண்டையில் உலகம் விழித்துக்கொண்டது ஒரு போர்க்காலத்தில். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் தென் பசிபிக் தீவுகளில் இறங்கியபோது கூடாரங்களும் பைகளும் பெல்ட்டுகளும் கண்ணெதிரே மக்கிப்போயின. எதிரி சுட்டதோடு பூஞ்சை தின்றதும் பெரிய தலைவலி. ராணுவத்தின் தளவாடப் பிரிவு, மக்கிய துணிகளிலிருந்து பூஞ்சைகளைப் பிரித்து வளர்த்துச் சேகரிக்க ஆரம்பித்தது. சாலமன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பூகன்வில் தீவில் மக்கிய பருத்திக் கூடாரத் துணியிலிருந்து எடுத்த ஒன்றுக்குக் கியூஎம்6ஏ என்று எண் கொடுத்தார்கள். (நம் வீட்டுச் சுற்றுச்சுவரில் படரும் காகிதப்பூவுக்கும் அந்தத் தீவுக்கும் ஒரே பிரெஞ்சு மாலுமியின் பெயர்.) எல்வின் ரீஸ், மேரி மாண்டெல்ஸ் ஆகியோர் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். 1977-இல் அது தனி இனம் என்று தெளிவானபோது ரீஸின் பெயரால் டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயரிட்டார்கள்.

துணி மக்குவதைத் தடுக்கத் தொடங்கிய ஆராய்ச்சி தலைகீழாகத் திரும்பியது. இவ்வளவு நன்றாகச் செல்லுலோஸைத் தின்னுகிற ஒருவனை ஏன் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது? அந்தக் கூடாரப் பூஞ்சையின் வாரிசுகளைத் திடீர்மாற்றங்களால் மேலும் பெருந்தீனிக்காரர்களாக்கி, இன்றைக்குப் பெரிய தொட்டிகளில் வளர்க்கிறார்கள். நல்ல வகைகள் ஒரு லிட்டர் கரைசலில் 100 கிராம் வரை புரதம் சுரக்கும். அந்த நொதி வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கப் போகிறது. திருப்பூருக்கும் போகிறது. அங்கே பயோ வாஷ் என்கிறார்களே, அது இதுதான்: பனியன் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளைச் செல்லுலேஸ் கொண்டு தின்னவைத்து வழவழப்பாக்குவது. ஜீன்ஸை நுரைக்கல் போட்டு அடித்துப் பழசாக்கிய வேலையையும் இந்த நொதி ஏற்றுக்கொண்டது. நேரம் தப்பினால் துணியின் வலு குறையும் என்பது எந்தப் பயோ வாஷ் மேஸ்திரிக்கும் தெரியும். மாட்டுத்தாவணிப் படுதாவில் நடந்ததும் நேரம் தப்பிய பயோ வாஷ்தான். காசு வாங்காமல் செய்தார்கள், அவ்வளவே.

ரீசியின் பங்காளி ஒருவர் நம் ஊர் விவசாயிக்கு நெருக்கம். டிரைக்கோடெர்மா விரிடி: ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்று விதைநேர்த்தி செய்யவும், தொழுவுரத்தில் கலந்து வேரழுகலைத் தடுக்கவும் பயன்படுத்துகிற அதே பச்சைத் தூள். மாட்டுத்தாவணி இருக்கும் இதே மேலூர் சாலையில், ஒத்தக்கடையில் 1965 முதல் இருக்கும் வேளாண்மைக் கல்லூரிப் பக்கம் போனால் இதைப் பற்றிப் பாடம் எடுக்க ஆள் உண்டு. வயலில் நண்பன், படுதாவில் பகைவன் என்று பிரிப்பது நம் கணக்கு. அதற்கு எல்லாமே சோறுதான்.

சரி, எப்போது பிடிக்கிறது? வித்து காற்றில் எப்போதும் இருக்கிறது. அதை ஒழிக்க முடியாது. ஒழிக்க முடிந்தது ஈரத்தை. பருத்தி, காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போதே தன் எடையில் 8 விழுக்காடு அளவுக்குத் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அது அரை விழுக்காடுகூட இல்லை. துணியைச் சுற்றியுள்ள காற்று 80 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றால் பெரும்பாலான பூஞ்சைகளுக்குக் கொண்டாட்டம். மதுரையின் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில். அப்போதும்கூட விரித்துக் கிடக்கும் படுதா தப்பித்துக்கொள்ளும். லாரி நனைந்து வந்து நிற்கும், சரக்கு இறங்கும், ஆட்கள் படுதாவை ஈரத்தோடு சுருட்டிக் கேபின் மேலே ஏற்றிக் கயிறு போட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சுருளுக்குள் காற்று அசையாது, சூடு தங்கும், ஈரம் வெளியேறாது. இருபத்துநாலு மணி நேரத்திலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வித்து முளைத்துவிடும். பொங்கலுக்கு அவிழ்க்கும்போது நாம் பார்ப்பது ஐப்பசியில் விதைத்த விளைச்சல்.

எடுப்பது எப்படி என்பதற்கு வருவோம். முதல் வேலை தண்ணீர் ஊற்றாமல் இருப்பது. பெரும்பாலும் நேர்மாறாகத்தான் செய்கிறோம். பூசணத்தைப் பார்த்ததும் குழாயைத் திறக்கிறோம். நன்றாகக் காயவிட்டு, வெட்டவெளியில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தேங்காய் நார் பிரஷ்ஷால் துடைத்தெடுத்தால் பாதி போய்விடும். முகத்தை மூடுவது சம்பிரதாயத்துக்கு அல்ல. ஒரு தடவை பிரஷ் ஓடினாலே கணக்கற்ற வித்துகள் கிளம்பும். வீசிங் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். கம்பி பிரஷ் கூடாது, ஏற்கெனவே வலுவிழந்த நூலை அது வழித்தெடுத்துவிடும்.

அடுத்தது மிதமான சோப்பு நீர். பாசிக்கு இது போதும். கொஞ்சம் ஊறவிட்டுத் தேய்த்தால் வழுக்கல் மொத்தமும் வந்துவிடும். பூந்திக்கொட்டைக் கரைசல் இன்னும் நல்லது என்பது என் கட்சி. அதில் நுரை தரும் சப்போனின்கள் பூஞ்சையின் செல்சவ்வில் உள்ள ஸ்டீரால் பொருட்களோடு ஒட்டிக்கொண்டு அதைக் குலைக்கக்கூடியவை. அற்புத மருந்தெல்லாம் இல்லை. ஆனால் துணியைக் கெடுக்காது. வினிகர் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு குறிப்பு இருக்கிறது. கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 விழுக்காடு அளவில்தான். சில பூஞ்சைகளுக்கு அது ஆகாது, சிலவற்றுக்கு உறைக்கவே உறைக்காது.

சோப்பு எதுவானாலும் அலசுவதில் கஞ்சத்தனம் கூடாது. சோப்பின் வேலையே தண்ணீரைத் துணிக்குள் இழுத்துப் போவது. நூலில் சோப்பு தங்கினால் அடுத்த மழையில் படுதா ஒழுகும், ஏன் ஒழுகுகிறது என்று தையலைத் தேடிக்கொண்டிருப்போம்.

பிளீச்சிங்குக்கு வருகிறேன். திரவமாக விற்பது சோடியம் ஹைப்போகுளோரைட்டு, தூளாக விற்பதில் வேலை செய்வது கால்சியம் ஹைப்போகுளோரைட்டு. இரண்டும் கருநிறமியை உடைத்து வெளுப்பாக்கும், மேலே இருக்கும் பூஞ்சையையும் கொல்லும். கூடவே செல்லுலோஸையும் ஆக்ஸிஜனேற்றம் செய்து சங்கிலியை அறுக்கும். பூசணம் பாதி தின்ற நூலை மீதி நாம் தின்பதுபோல் அது. வெளுத்த படுதா பார்க்க அழகாக இருக்கும், அடுத்த கொக்கியில் மாட்டி இழுக்கும்போது கிழியும். அதைவிடப் பெரிய ஆபத்து கலப்படம். பிளீச்சிங்கோடு வினிகரோ கக்கூஸ் ஆசிட்டோ எலுமிச்சையோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. அமோனியா சேர்ந்தாலும் நச்சுப்புகைதான். 'ரெண்டையும் சேர்த்தா இன்னும் ஸ்ட்ராங்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கரும்புள்ளியை வெளுத்தே தீர வேண்டுமென்றால் ஆக்ஸிஜன் பிளீச் எனப்படும் சோடியம் பெர்கார்பனேட் தேவலாம். தண்ணீரில் போட்டால் அது சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். குளோரின் அளவுக்கு நூலை அரிக்காது. வெந்நீரில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். சித்திரை மாதமென்றால் மதுரை மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே போதும். ஐப்பசியில் அடுப்பு மூட்ட வேண்டும்.

பெர்கார்பனேட்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் வண்ணார்கள் இந்தப் பாதையில் பாதி தூரம் போயிருந்தார்கள். உவர்மண்ணில் வேலை செய்வது பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டு, அதாவது சலவைச் சோடா. துணியை உவர்மண் கரைசலில் தோய்த்து, பானைமேல் அடுக்கி, இரவெல்லாம் நீராவியில் அவிப்பது வெள்ளாவி. காரம் கொழுப்பையும் கஞ்சியையும் கரைக்கும், நீராவி பூஞ்சையை அவிக்கும், மறுநாள் ஆற்றுமணலில் வெயில் மிச்சத்தை முடிக்கும். கஞ்சி போய்விடுவதால் முதல் பந்தியே கிடையாது. பூசணத்தை வெளுக்காமல் வேரோடு முடிக்கிற முறை இதுவரை இதைவிட நன்றாக யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. மெழுகேற்றிய லாரிப் படுதாவை வெள்ளாவியில் வைக்க முடியாது என்பதுதான் குறை.

சுத்தம் செய்த கித்தானுக்கு மெழுகுக் காப்பு போயிருக்கும். அதைத் திரும்ப ஏற்ற ஒரு பழைய வேதியியல் தந்திரம் இருக்கிறது. துணியைச் சாதாரண சோப்புக் கரைசலில் தோய்த்து, பிழிந்து, படிகாரக் கரைசலில் முக்க வேண்டும். படிகாரத்தின் அலுமினியமும் சோப்பின் கொழுப்பு அமிலமும் நூலுக்குள்ளேயே சேர்ந்து தண்ணீரில் கரையாத அலுமினியச் சோப்பாகப் படியும். மேலே சொன்ன சோப்பு எச்சரிக்கைக்கு இது முரண் இல்லை. கரையும் சோப்பு தண்ணீரை அழைக்கும், கரையாத சோப்பு விரட்டும். முடிவெட்டும் கடையில் கன்னத்தில் தேய்க்கிற கட்டிக்கு இப்படியும் ஒரு பிழைப்பு.

பூஞ்சையே வராமல் தடுக்க உலகம் நெடுங்காலம் நம்பியது செம்பை. திராட்சைக்கு அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும். கம்பம் பள்ளத்தாக்கில் அந்த நீலத்தைப் பார்க்காத தோட்டம் இருக்காது. கித்தானுக்குச் செம்பு நாப்தனேட்டு ஏற்றுவார்கள். அதனால் துணி பச்சையாகும். கடற்கரையில் பருத்தி வலை இருந்த காலத்தில் பனிச்சங்காய்ச் சாறும் மரப்பட்டைச் சாறும் ஏற்றிக் காத்தார்கள். அவற்றிலுள்ள டானின், பூஞ்சையின் நொதிகளைப் பிடித்துக் கட்டிப்போடும். நைலான் வலை வந்ததும் அந்தக் காய்ச்சும் தொட்டிகள் காணாமல் போயின. காப்பு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் சோதனையும் எளியது. துணிப் பட்டையை மக்குமண்ணில் சில வாரம் புதைத்து வைத்து, எடுத்துக் கழுவி, இழுத்துப் பார்த்து, எத்தனை கிலோவில் அறுகிறது என்று குறிப்பார்கள்.

சந்தையில் இன்றைக்குக் கண்ணில் படுபவை பெரும்பாலும் நீலமும் மஞ்சளுமான பிளாஸ்டிக் பாய்கள். பாலிஎத்திலீன் பாயைப் பூஞ்சையால் தின்ன முடியாது. அதன் மேல் படிந்த தூசியிலும் பூச்சருகிலும்தான் அது குடித்தனம் நடத்தும். சோப்பு போட்டால் கிளம்பிவிடும். பாலிஎத்திலீனுக்கு எமன் வெயில். பிவிசி பூசிய படுதா பருத்திக்கும் பாலிஎத்திலீனுக்கும் நடுவில். பிவிசியைத் தின்ன முடியாவிட்டாலும் அதை வளைந்துகொடுக்க வைக்கும் இளக்கிப் பொருளைத் தின்னும் பூஞ்சைகள் உண்டு. இளக்கி குறையக் குறையப் படுதா விறைத்து மடிப்பில் வெடிக்கும். சில நுண்ணுயிர்கள் விடும் இளஞ்சிவப்புச் சாயம் அந்த இளக்கியிலேயே கரைந்து உள்ளே ஊறிவிடும். அதைத் தேய்த்துக் கை நோக வேண்டாம், போகாது.

கடைசியாக வெயில். காய வைப்பதுதான் மருந்து, மற்றதெல்லாம் கைவைத்தியம். இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு, தையல் மடிப்புகளைப் பிரித்துவிட்டு, கைக்குச் சில்லென்று படுவது நிற்கும் வரை காயவிட வேண்டும். தையலில்தான் ஈரம் கடைசியில் போகும், பூசணம் முதலில் வரும். காய்ந்த பிறகும் வெயிலிலேயே கிடக்கவிட்டால் புறஊதாக் கதிர் பருத்தியையும் அரிக்கும். ஆகவே காய்ந்ததும் நிழல். அதுவும் தரையில் இல்லை, காற்று புகும்படி மரக்கட்டை மேல்.

பெரியவர் இதெல்லாம் விளக்கவில்லை. ஒரு முழத்துக்கு ஒரு நூலாக உருவிச் சுண்டிக்கொண்டே போனார். அறுந்த இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் தேறியது, அந்தப் பக்கம் தேறாதது. பாதி படுதா தப்பித்தது. மற்றதைக் கத்தரித்துச் சுருட்டி ஓரமாகப் போட்டார்.

"அதை என்னண்ணே பண்ணுவீங்க?"

"மேலூர்ப் பக்கம் ஒரு தோட்டக்காரர் குப்பைக்குழிக்கு மேல போட வாங்கிட்டுப் போவாரு. அடுத்த மழைக்குள்ள அதுவும் குப்பையோட குப்பையா ஆயிரும்."

தேறிய பாதியில் ஒட்டுப்போட ஊசியில் நூல் கோத்தார். நைலான் நூல்.